ஆறு வோல்ட் காருக்குப் பேட்டரி: வாங்குவதும் பார்த்துக்கொள்வதும்

ஆறு வோல்ட் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்கள்: "எதுக்குங்க இந்தத் தொல்லை, பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்திடுங்க." எங்கள் வீட்டு 1951 டாட்ஜ் கிங்ஸ்வேக்கும் சொன்னார்கள். கோயம்புத்தூரில் வண்டி தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை, ஆளுக்கொரு யோசனை. மாமனார் ஓட்டிய வண்டி அது. அவருக்குப் பிறகு சாவி என் கைக்கு வந்தது. இன்றைக்கும் ஆறு வோல்ட்டில்தான் ஓடுகிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது. ராத்திரியில் லைட் போட்டால் ரோடு தெரிகிறது.

பன்னிரண்டுக்கு மாற்றச் சொல்கிறவர்கள் வண்டியின் குறையைப் பார்த்துச் சொல்வதில்லை, முந்தைய ரிப்பேர்களின் குறையைப் பார்த்துச் சொல்கிறார்கள். எழுபது வருஷத்தில் யார் யாரோ கை வைத்து, கிடைத்த கேபிளைப் போட்டு, கிடைத்த பேட்டரியை வைத்து ஓட்டியிருப்பார்கள். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதே ஆறு வோல்ட்டில்தான் அமெரிக்கப் பனிக்காலத்தில் ஸ்டார்ட் ஆனது. அங்கே 50-களில் உயர் கம்ப்ரெஷன் வி-8 எஞ்சின்கள் வந்து, அவற்றைச் சுற்றப் பெரிய செல்ஃப் மோட்டார் தேவைப்பட்டபோதுதான் பன்னிரண்டுக்குப் போனார்கள்: செவர்லே 1955-இல், ஃபோர்டும் பிளைமௌத்தும் 1956-இல். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அமெரிக்காவுக்கு 1966 மாடல் வரை ஆறு வோல்ட்டிலேயே போனது. எங்கள் கிங்ஸ்வேயின் ஆறு சிலிண்டர் ஃபிளாட்ஹெட் எஞ்சினுக்குக் கம்ப்ரெஷன் ஏழுக்கு ஒன்று சுற்றுத்தான். அதைச் சுற்ற ஆறு வோல்ட் தாராளம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இந்த வண்டிகளின் பழைய சீல்டு பீம் ஹெட்லைட் ஒன்று 45 வாட். இரண்டு சேர்ந்து 90. பன்னிரண்டு வோல்ட்டில் அதற்கு ஏழரை ஆம்பியர் போதும். ஆறு வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓட வேண்டும். கரன்ட் இரட்டிப்பானால் அதே கம்பியில் வீணாகும் வோல்ட்டும் இரட்டிப்பு. கையில் இருப்பதோ பாதி வோல்ட். ஆக, அதே கம்பி, அதே துரு, அதே தளர்ந்த நட்டு, ஆறு வோல்ட் வண்டியில் நான்கு மடங்கு நஷ்டம் தரும். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு மெல்லிய ஒயரைத் தூரமாக இழுத்தால் மோட்டார் முனகுமே, அதே சங்கதி. பன்னிரண்டு வோல்ட் காரில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அழுக்கு, இங்கே வண்டியை நிறுத்திவிடும்.

பேட்டரி தேர்ந்தெடுப்பது

கடைக்குப் போவதற்கு முன் பேட்டரித் தட்டை அளந்துகொள்ளுங்கள்: நீளம், அகலம், பானட் மூடினால் மிஞ்சும் உயரம். அமெரிக்க அளவுப் பட்டியலில் இந்த வகை வண்டிகளுக்கு உள்ளது 'குரூப் 1' பேட்டரி. நீளம் சுமார் 23 செ.மீ., அகலம் 18, உயரம் 24. பீட்டிலுக்கு வேறு அளவு: சுமார் 21.5க்கு 17, உயரம் 19, சேமிப்பு 77 ஆம்பியர்-அவர். அதில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் உட்காரும் என்பதால் உயரம் ஒரு செ.மீ. கூடினாலும் ஆபத்து. சீட்டின் ஸ்பிரிங் டெர்மினலில் தொட்டு, சீட்டுக்குள் இருக்கும் நார் பற்றிக்கொள்ளும். பீட்டில் வைத்திருப்பவர்கள் அந்தப் பேட்டரி மூடியை ஒருபோதும் கழற்றி எறியக் கூடாது.

கடையில் "ஆறு வோல்ட் பேட்டரி" என்று மட்டும் கேட்டால் பழைய புல்லட்டுக்குப் போடும் கையடக்கமான ஒன்றை எடுத்து வைப்பார்கள். அதில் சேமிப்பு மிகக் குறைவு. நமக்கு வேண்டியது 100 ஆம்பியர்-அவரை ஒட்டி. பழைய கடைக்காரர்களிடம் பிளேட் கணக்கில் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்: "ஆறு வோல்ட், பதினைஞ்சு பிளேட்." ஒரு செல்லுக்கு ஏழு பாசிட்டிவ் பிளேட், எட்டு நெகட்டிவ். நெகட்டிவ் வழக்கமாக ஒன்று கூட. பதினேழு பிளேட் கிடைத்து, தட்டிலும் அடங்கினால் தயங்காமல் வாங்குங்கள். பிளேட்டின் பரப்பு கூடினால்தான் செல்ஃப் மோட்டார் கேட்கும்போது ஒரே மூச்சில் கரன்ட் கொட்டும்.

லேபிளில் இரண்டு எண்கள் இருக்கும். ஆம்பியர்-அவர் என்பது எவ்வளவு சேமிப்பு என்று சொல்கிறது. சி.சி.ஏ. என்பது எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்று சொல்கிறது: மைனஸ் 18 டிகிரியில் 30 நொடி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்கிற அளவு. நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது, அதனால் சி.சி.ஏ. பார்க்க வேண்டாம் என்று கடையில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெயிலில் ஓடி நின்ற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் இங்கே கஷ்டம். செல்ஃப் மோட்டாரும் கேபிளும் சூடேறிக் கிடக்கும் நேரம் அது. 600-க்கு மேல் இருப்பதைத் தேடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் சாதாரண வகையா, ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் ஊற வைத்துச் சீல் வைத்த ஏ.ஜி.எம். வகையா? ஏ.ஜி.எம்.-இல் ஆப்டிமா ரெட் டாப் ஆறு வோல்ட் பெயர் பெற்றது. 50 ஆம்பியர்-அவர்தான், ஆனால் 800 சி.சி.ஏ. அளவில் சிறியது, எடை எட்டரை கிலோவுக்குள், ஆசிட் கசியாது. பேட்டரித் தட்டு அரித்துப்போய்ப் புதிதாக வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்தவர்களுக்கு அது நிம்மதி. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை கூட. நான் தண்ணீர் வகையையே வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்து மூன்று செல்லையும் தனித்தனியாகப் பரிசோதிக்க முடியும் என்பது ஒரு காரணம். இங்கேயே பிளேட் கோத்துக் கட்டிக் கொடுக்கும் பட்டறைகள் இன்னும் இருப்பது இன்னொரு காரணம். கட்டிக் கொடுப்பவரிடம் வாங்கினால் முன்னாலேயே பேசிவிடுங்கள்: பிளேட் புதுசா, எந்த மாதம் கட்டியது, டெர்மினல் எந்தப் பக்கம் வரும். டெர்மினல் பக்கம் மாறினால் கேபிள் எட்டாது; எட்ட வைக்க யாராவது ஒரு துண்டு ஒட்டுப்போடுவார்கள், அங்கேதான் பிரச்சினை பிறக்கும்.

கோல்ஃப் வண்டி பேட்டரியும் ஆறு வோல்ட்தானே என்று சிலர் கேட்பதுண்டு. டிரோஜன் டி-105 மாதிரி வகைகள் 225 ஆம்பியர்-அவர், ஏறக்குறைய 28 கிலோ, உயரம் 27 செ.மீ.க்கு மேல். மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கக் கட்டப்பட்ட தடித்த பிளேட்டுகள். செல்ஃப் சுற்றும், ஆனால் பானட்டுக்கு அடியில் அந்த உயரத்தையும் எடையையும் வைப்பது சரியில்லை. எட்டு வோல்ட் பேட்டரி போடும் குறுக்கு வழியையும் ஒதுக்கிவிடுங்கள். அதைச் சார்ஜ் செய்ய, சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை ஏற்றி வைக்க வேண்டும், ஏற்றினால் பல்பும் இக்னிஷன் பாயின்டும் சீக்கிரம் போகும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியின் நடுச்செல்லில் கிளாம்ப் மாட்டி ஆறு எடுப்பதும் அப்படித்தான். ஒரு பாதி வறண்டு, மறு பாதி பொங்கும்.

இன்னொன்று. டிரை சார்ஜ் பேட்டரி கிடைத்தால் அதுவே நல்லது. ஆசிட் ஊற்றாமல் கடையில் இருந்ததால் அலமாரியிலேயே செத்திருக்காது. உங்கள் கண்முன்னால் ஆசிட் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றி அரை மணி நேரமாவது பிளேட் ஊற வேண்டும், பிறகு ஒரு சார்ஜ் போட வேண்டும். "அப்படியே மாட்டிக்கலாங்க, வண்டி ஓடினா ஏறிடும்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். முதல் சார்ஜில் பிளேட் நன்றாக விழிக்கவில்லையென்றால் அந்தப் பேட்டரி கடைசி வரை முழுத் திறனுக்கு வராது.

பிளஸ் எர்த்

கிங்ஸ்வே, பிளைமௌத், டிசோட்டோ, அந்தக் கால ஃபோர்டுகள் பலவற்றிலும் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகிறது. அதே காலத்துச் செவர்லேயிலும் பீட்டிலிலும் மைனஸ். வண்டியின் மேனுவலைப் பார்க்காமல் இதை முடிவு செய்யக் கூடாது. இன்றைய மெக்கானிக்குகளின் கை மைனஸைப் பாடிக்குக் கொண்டுபோயே பழகியது. எங்கள் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலைக்கு விட்டிருந்தபோது பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். திரும்பி வந்ததும் அம்மீட்டர் முள் எதிர்ப்பக்கம் ஓடியது, எஞ்சின் தடுமாறியது. நல்ல வேளை, வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டோம்.

மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் மோட்டார் அதே திசையில்தான் சுற்றும், லைட் எரியும், ஹாரன் அடிக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் இக்னிஷன் காயிலின் துருவம் மாறி பிளக்கில் பொறி மெலியும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டைனமோ தலைகீழாகச் சார்ஜ் செய்ய முயன்று, ரெகுலேட்டர் பாயின்டுகள் ஒட்டிக் கருகும்.

எளிதாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பேட்டரியின் பிளஸ் தூண் எப்போதும் மைனஸைவிடத் தடிமன்: உச்சியில் 17.5 மி.மீ.க்கு எதிராக 15.9. பிளஸ் எர்த் வண்டியில், பாடிக்குப் போகும் பின்னிய பட்டையின் கிளாம்ப்தான் பெரிய துளையோடு இருக்க வேண்டும். கிளாம்ப் தூணில் இறங்க மறுத்தாலோ தொளதொளவென்று ஆடினாலோ நிறுத்திவிட்டு மேனுவலைப் பாருங்கள். சுத்தியலால் தட்டி இறக்குவதும், தகரம் சொருகி இறுக்குவதும் பேட்டரியைக் கொல்லும் வேலைகள். எங்கள் வண்டியில் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் 'பிளஸ் எர்த்' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் மாற்றி மாட்டியதில்லை.

கழற்றும் வரிசையும் இதனால் மாறுகிறது. "மைனஸை முதல்ல கழட்டு" என்பது பொது விதியாகச் சொல்லப்படுகிறது. உண்மையான விதி, எர்த்தை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும் என்பது. நம் வண்டியில் அது பிளஸ். எர்த் கழன்றிருந்தால் ஸ்பேனர் பாடியில் தொட்டாலும் பொறி வராது.

தவறாக மாட்டப்பட்ட வண்டியைச் சரிசெய்த பிறகு டைனமோவுக்குத் துருவம் திரும்பக் கொடுக்க வேண்டும். ஆட்டோலைட் டைனமோ உள்ள இந்த வண்டிகளில், எஞ்சின் நின்றிருக்கும்போது ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு துண்டு ஒயரால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். ஒரு சிறு பொறி வரும். ஃபோர்டு வண்டிகளுக்கு முறை வேறு; அங்கே ஃபீல்டு ஒயரைக் கழற்றி, பேட்டரி முனையில் தொட வேண்டும். இரண்டையும் குழப்பினால் ரெகுலேட்டர் போய்விடும்.

கேபிள்

பேட்டரி வாங்கும் காசில் பாதியைக் கேபிளுக்கு ஒதுக்குங்கள். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் எத்தனை நல்ல பேட்டரி போட்டாலும் பலன் இல்லை. பாகங்கள் கடையில் ரெடிமேடாகத் தொங்கும் கேபிள்கள் பன்னிரண்டு வோல்ட்டுக்கானவை, 25 அல்லது 35 சதுர மி.மீ. தாமிரம். உறை தடித்திருப்பதால் உள்ளேயும் தடிமன் என்று தோன்றும். நமக்கு வேண்டியது 70. குறைந்தது 50.

செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது, போக வர இரண்டு மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சதுர மி.மீ. கேபிளில் கால் வோல்ட்டுக்கும் மேல் வழியிலேயே போய்விடும். 70-இல் அது 0.1 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே ஐந்து வோல்ட்டை ஒட்டி இறங்கியிருக்கும் நேரத்தில் இந்த வித்தியாசம்தான் எஞ்சின் பிடிப்பதையும் பிடிக்காததையும் முடிவு செய்கிறது.

நான் போட்டிருப்பது வெல்டிங் கேபிள். வெல்டிங் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான தாமிர இழைகள், நன்றாக வளையும். உள்ளே தாமிரம்தானா என்று வெட்டிய முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். தாமிரப் பூச்சு பூசிய அலுமினியமும் விற்கிறார்கள், சுரண்டினால் வெள்ளை தெரியும். கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். சுத்தியலால் நசுக்கிய லக்குக்குள் காற்று புகும், ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும்.

எர்த் பக்கம் பலர் மறந்துவிடுவார்கள். பெயின்டின் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். எர்த் பட்டை உட்காரும் இடத்தில் வெறும் இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். எஞ்சின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தனியாக ஒரு பட்டை இருக்க வேண்டும். அது அறுந்திருந்தால் செல்ஃப் கரன்ட் திரும்ப வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் போகும். சோக் கேபிள் தொட்டால் சுடுகிறதா? உங்கள் எர்த் பட்டையைப் பாருங்கள்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை, மல்டிமீட்டர் சொல்லும். காயில் ஒயரைக் கழற்றிவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தூணிலேயே வையுங்கள், கிளாம்பில் வேண்டாம். மறு முனையைச் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டில். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதேபோல எர்த் தூணுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் பாருங்கள், அங்கேயும் அதே அளவுக்குள். கூடினால், ஒவ்வொரு இணைப்பாக மீட்டரை நகர்த்தினால் குற்றவாளி மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கிளாம்புக்கும் தூணுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறப் படலம்தான். கடைசியாகப் பேட்டரியின் இரு தூண்களிலும் மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். 4.8-க்குக் கீழே போனால் பேட்டரி சார்ஜ் இல்லாமல் இருக்கிறது அல்லது தேய்ந்துவிட்டது.

சார்ஜும் தண்ணீரும்

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் மூன்று செல்லின் ஹைட்ரோமீட்டர் அளவை, அதாவது ஆசிட்டின் அடர்த்தியை எழுதுவேன். பன்னிரண்டு வோல்ட்டில் ஆறு செல். ஒன்று கெட்டாலும் ஏதோ சமாளிக்கும். இங்கே மூன்றே செல். ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஆகவே ஒவ்வொன்றையும் தனியாகக் கவனிப்பது அவசியம்.

நம் ஊர்ச் சூட்டுக்கு முழுச் சார்ஜில் 1.240-ஐ ஒட்டி அடர்த்தி வருகிற மாதிரி ஆசிட் ஊற்றுகிறார்கள். குளிர் நாட்டுப் பேட்டரிகளில் 1.265, 1.280 என்று இருக்கும். உங்கள் பேட்டரியின் லேபிளில் எது இருக்கிறதோ அதுவே கணக்கு. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அடர்த்தி குறைவு என்று ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். அடர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் அந்தச் செல்லின் வோல்ட் கிடைக்கும். 1.240 என்றால் 2.08, மூன்று செல்லுக்கு 6.24. 1.265 என்றால் 6.3-க்குச் சற்று மேல். சார்ஜ் போட்ட உடனே மீட்டர் வைத்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும், சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். 6.1-க்கு இறங்கியிருந்தால் பாதி காலி என்று வைத்துக்கொண்டு அன்றே சார்ஜ் போடுங்கள்.

சூட்டுக்கும் ஒரு திருத்தம் உண்டு. லேபிள் அளவு 27 டிகிரிக்கானது. சித்திரை வெயிலில் ஆசிட் 40 டிகிரி இருக்கும்போது 1.231 காட்டினால், ஒரு டிகிரிக்கு 0.0007 வீதம் கூட்டி 1.240 என்று எழுத வேண்டும். ஒரு செல் மற்ற இரண்டைவிட 0.050 குறைந்து, சார்ஜ் போட்டும் மேலே வரவில்லையென்றால், புதுப் பேட்டரிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர்மேல் இருக்கிற பெருமை எனக்கும் உண்டு, ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்பு கொஞ்சமானாலும் பிளேட்டுக்கு ஆகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏசியின் தாமிரக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர். ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் பேட்டரி விலையில் எந்த மூலைக்கு? பிளேட் மூழ்கி அதற்கு மேல் ஒரு செ.மீ. நின்றால் போதும். பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, சார்ஜ் முடிந்தபின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள். முன்னாலேயே நிறைத்தால் சார்ஜில் பொங்கி வழிந்து தட்டை அரிக்கும்.

சார்ஜர் வாங்கும்போது ஆறு வோல்ட் என்று சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். பைக் பேட்டரிக்கான ஒரு ஆம்பியர் சார்ஜர் 100 ஆம்பியர்-அவர் பேட்டரியை நிரப்ப நாலைந்து நாள் எடுக்கும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 ஆம்பியர், மேல் வரம்பு. நான் ஐந்தில் வைத்து ராத்திரி முழுக்க விடுவேன். மணிக்கு ஒரு தடவை ஹைட்ரோமீட்டர் பார்த்து, மூன்று தடவை ஒரே எண் வந்தால் நிறைந்துவிட்டது. பேட்டரிக் கடையில் "அவசரம்னா அரை மணியில ஏத்தித் தர்றேன்" என்று பூஸ்ட் சார்ஜ் போடுவார்கள். பிளேட் வளைந்து, பவுடர் உதிர்ந்து அடியில் சேரும். அவசரம் உங்களுடையது என்றால் ஆட்டோவில் போங்கள், பேட்டரியை விட்டுவிடுங்கள்.

சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். கார் ஷெட்டின் கதவைத் திறந்து வையுங்கள். சார்ஜர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பை எடுக்க வேண்டும். கண்ணாடி போடுங்கள். பெண்கள் பேட்டரிப் பக்கம் குனிவதற்கு முன் வளையலைக் கழற்றி, தாலிக்கொடியை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு மோதிரமும் உலோகப் பட்டை வாட்சும். ஆறு வோல்ட் உடம்பில் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவில் தங்க வளையல் மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடி, வளையல் சிவந்துவிடும்.

டெர்மினல் பூத்திருந்தால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு சொட்டு சோடா உள்ளே போனாலும் ஆசிட் கெடும். நுரைப்பது நிற்கும் வரை ஊற்றி, நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் பிரஷ்ஷால் தேய்த்தால் ஈயம் பளிச்சென்று தெரியும். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வேஸலின். முதலிலேயே தடவிவிட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சரியில்லை. பேட்டரியின் மேல் தளத்தையும் துடைத்து உலர்வாக வையுங்கள். அங்கே படியும் ஆசிட் ஈரத்தின் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் இறங்கும். மேலிருந்து பிடிக்கும் சட்டத்தின் நட்டு அசையாமல் இருந்தால் போதும். மிதமிஞ்சி இறுக்கினால் பெட்டி விரிசல் விடும்.

டைனமோ பக்கம்

பேட்டரி அடிக்கடி காய்ந்து போகிறது, தண்ணீர் சீக்கிரம் குறைகிறது என்றால் ரெகுலேட்டர் கூடுதலாகக் கொடுக்கிறது. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பேட்டரித் தூணில் அளந்தால் 7.1-இலிருந்து 7.4-க்குள் வர வேண்டும். நம் வெயிலுக்குக் கீழ் எண்ணை ஒட்டி இருப்பதே நல்லது. 7 கூட வரவில்லையென்றால் பேட்டரி எப்போதும் பசியோடுதான் இருக்கும். ரெகுலேட்டரின் மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை வளைக்கும் வேலையை அது தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எங்களுக்குச் செய்பவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அண்ணன். மீட்டரில் 7.2 பார்த்ததும் மூடியைப் போட்டு, "இனிமே இதைத் தொடாதீங்க அம்மிணி, தொட்டவன் கெட்டான்" என்றார். தொடவில்லை.

ஓட்டாமல் நிற்கும்போது

பழைய கார் பேட்டரிகள் ஓட்டத்தில் சாவதைவிட நின்றே சாவது அதிகம். ஆயுத பூஜைக்குக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஏற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு அடுத்த வருஷம் வரை மூடி வைக்கிற வண்டிகள் எத்தனையோ. பேட்டரி சும்மா நின்றாலே தானாக இறங்கும். சூடு பத்து டிகிரி கூடினால் இறக்கம் ஏறக்குறைய இரட்டிக்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டியாகி வெளுத்துவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது.

"வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிடுறேன்" என்கிறார்கள். டைனமோ வண்டியில் இது பேட்டரிக்குக் கெடுதல். ஆல்டர்னேட்டர் மாதிரி ஐட்லிங்கில் டைனமோ சார்ஜ் கொடுக்காது. ஐட்லிங்கில் அம்மீட்டரைப் பாருங்கள், முள் மைனஸ் பக்கம்தான் சாய்ந்திருக்கும். செல்ஃப் எடுத்த கரன்ட்டும் போச்சு, இக்னிஷன் எடுப்பதும் போச்சு. ஓட்டுவதானால் அவினாசி ரோட்டில் காலையில் கூட்டம் இல்லாதபோது அரை மணிக்கு மேல் சீராக ஓட்டுங்கள். முடியாதென்றால் எர்த்தைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு முறை சார்ஜரில் போடுங்கள். எர்த் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்தால் கழற்றும் வேலை மிச்சம். ஆனால் செல்ஃப் கரன்ட்டைத் தாங்கும் தடித்த பித்தளை வகையாக இருக்கட்டும்; மெலிந்த சுவிட்ச் நாம் கேபிளில் சேமித்த வோல்ட்டை எல்லாம் தின்றுவிடும்.

வழியில் பேட்டரி இறங்கிவிட்டால் பன்னிரண்டு வோல்ட் காரிலிருந்து ஒயர் கொடுக்க ஆட்கள் ஓடிவருவார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மூன்று செல்லின் மேல் ஆறு செல்லின் அழுத்தம் விழுந்து ஆசிட் கொதிக்கும், வாயு பெருகும், பக்கத்திலேயே பொறி. பிளஸ் எர்த் வண்டியில் இன்னொரு ஆபத்து: ஒயர் மாட்டியிருக்கும்போது இரு வண்டிகளின் பம்பர் தொட்டாலே நேரடி ஷார்ட். தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள், கிங்ஸ்வேக்கு நாலு பேர் போதும். அல்லது இன்னொரு ஆறு வோல்ட் பேட்டரியைப் பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுத்து எடுங்கள்.

கடைசியில் பேட்டரி மாற்ற வேண்டி வரும்போது பழையதை ஷெட் மூலையில் போட்டு வைக்காதீர்கள், ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கடையில் பழைய ஈயத்துக்குக் கிலோ கணக்கில் விலை போட்டுப் புதியதில் கழித்துக்கொள்வார்கள். ஆறு வோல்ட் என்றால் "இதுக்கு விலை இல்லைங்க" என்று சிலர் சொல்வார்கள். ஈயம் ஈயம்தான், எடை போடச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் கிளாம்ப், மேல் சட்டம், அதன் நீள போல்ட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மறுபடி கிடைக்கும். அந்தப் பெரிய துளை கிளாம்பும் அந்த நீள போல்ட்டும் உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் எத்தனை தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது.